புளோயருக்கு எவ்வளவு ஓட்டம் போதும்? எஸ்.டி.பி.யில் கரண்ட் பில்லைக் குறைக்கும் வழி

சிறுசேரி பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) பராமரிப்பை நான் ஏற்றுக்கொண்ட முதல் வாரமே, சங்கச் செயலாளர் பொது மீட்டரின் இ.பி. பில்லைக் கையில் கொடுத்து, "தம்பி, இதுல உங்க ஆளு எவ்வளவு சாப்பிடுறாரு?" என்று கேட்டார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். 'உங்க ஆளு' என்றது பேஸ்மென்ட்டில் ராத்திரி பகலாக உறுமிக்கொண்டு, கழிவுநீரில் அழுக்கைத் தின்னும் கிருமிகளுக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்த புளோயரை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டுப் பதினோரு வருடமாக எஸ்.டி.பி.யிலேயே கிடக்கிறவன் நான். அந்தக் கேள்விக்கு ஓர் எண்ணைக்கூடச் சொல்ல முடியாமல் நின்றேன்.

அதற்கப்புறம் ஏழெட்டு இடங்களில் இதே வேலையைச் செய்துவிட்டேன். பெரும்பாலானவர்கள் எடுத்த எடுப்பில் வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) வாங்கப் போகிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசி வேலை. காற்று எங்கே போகிறது, எவ்வளவு தேவை, இந்த இரண்டும் தெரிந்த பிறகுதான் எப்படிக் குறைப்பது என்ற பேச்சே வர வேண்டும்.

இங்கே நான் சொல்வது ட்வின் லோப் புளோயரும் (இரண்டு சுழலிகள் காற்றைப் பிடித்துத் தள்ளும் வகை) ஃபைன் பபுள் டிஃப்யூசரும் (டேங்கின் அடியில் காற்றைப் பொடிக் குமிழியாக விடும் பாகம்) உள்ள, நாளுக்கு 50 முதல் 500 கிலோலிட்டர் வரை கையாளும் பிளான்ட்டுகளுக்கு. டர்போ புளோயர் வைத்திருக்கும் பெரிய பிளான்ட்டுகளின் கதை வேறு. எம்.பி.பி.ஆர். முறையில் கிருமிகள் ஒட்டி வளரும் பிளாஸ்டிக் மீடியா மிதக்கிற டேங்க் என்றாலும் கொஞ்சம் கவனம் வேண்டும். அங்கே மீடியா சுழல்வதற்கே குறைந்தபட்சக் காற்று தேவை.

முதலில் ஒரு மீட்டர்

புளோயர் பேனலில் தனியாக ஓர் எனர்ஜி மீட்டர் போடுங்கள். கிளாம்ப் மீட்டரை மாட்டி ஆம்பியரை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். லோடு குறையக் குறைய மோட்டாரின் பவர் ஃபாக்டரும் இறங்கும், ஆம்பியர் அந்த அளவுக்கு இறங்காது. செய்த வேலைக்குப் பலன் கிடைத்ததா இல்லையா என்று கிளாம்ப் மீட்டரை வைத்துச் சண்டை போட்டால் சண்டை முடியாது.

சிறுசேரியில் 10 ஹெச்.பி. மோட்டார். 415 வோல்ட், 11.5 ஆம்பியர், பவர் ஃபாக்டர் 0.8. இவற்றோடு 1.732ஐயும் பெருக்கினால் 6,600 வாட், அதாவது 6.6 கிலோவாட். 24 மணி நேரத்துக்கு 158 யூனிட். போதாததற்குக் காலை ஆறிலிருந்து பத்து வரை இரண்டாவது புளோயரையும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "அந்த நேரத்துலதான் சார் லோடு ஜாஸ்தி, ரெண்டும் ஓடலன்னா வாடை வருது" என்றார் ஆபரேட்டர். எல்லாம் சேர்த்து நாளுக்கு 185 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் மாதம் 44,000 ரூபாய் வெறும் காற்றுக்கு. இந்த மாதிரி பிளான்ட்டுகளில் மொத்த மின்சாரத்தில் பாதிக்கு மேல் புளோயர் எடுப்பது சகஜம்தான்.

மீட்டர் போட்டு ஒரு வாரம் எதையும் தொடாமல் தினமும் ரீடிங் மட்டும் எழுதுங்கள். அந்த ஒரு வாரத் தாள் இல்லாவிட்டால் பின்னால் எந்தச் சங்கமும் உங்களை நம்பாது.

காற்று எங்கே போகிறது

ஓடுகிற புளோயரை விட்டுவிட்டு ஓடாத புளோயரை முதலில் பாருங்கள். சிறுசேரியில் பெல்ட் கார்டின் வலை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஸ்டாண்ட்பை புளோயரின் புல்லி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது, அதுவும் எதிர்த்திசையில். அதன் என்.ஆர்.வி.யின் (காற்று திரும்பி வராமல் தடுக்கும் வால்வு) ரப்பர் ஃபிளாப் காய்ந்து, ஓரம் பிளந்து போயிருந்தது. ஓடுகிற புளோயர் தள்ளும் காற்றில் ஒரு பங்கு ஸ்டாண்ட்பை வழியாகத் திரும்பி வந்து, அதன் சக்‌ஷன் ஃபில்டரில் புஸ்ஸென்று வெளியேறிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாக என்று யாருக்கும் தெரியாது. எதிராகச் சுற்றும் புளோயரை அப்படியே ஸ்டார்ட் செய்தால் மோட்டாருக்கும் பெல்ட்டுக்கும் ஆபத்து என்பது தனிக் கதை. அன்றிலிருந்து எல்லா இடத்திலும் ஸ்டாண்ட்பை புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுவேன். மறுநாள் கோடு இடம் மாறியிருந்தால் என்.ஆர்.வி. போச்சு என்று அர்த்தம்.

சேஃப்டி வால்விலும் கையை வைத்துப் பாருங்கள். ஃபிளாஞ்ச், ரப்பர் பெல்லோஸ், டிரெயின் காக் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். டிஸ்சார்ஜ் பைப் சுடும், ஜாக்கிரதை. சக்‌ஷன் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். பேஸ்மென்ட் புளோயர் அறை 42 டிகிரியில் வேகிறது என்றால் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள். சூடான காற்று லேசானது, அதே அளவு காற்றில் ஆக்சிஜன் குறைவாகத்தான் இருக்கும்.

பெரிய திருட்டு நடக்கிற இடம் ஈக்வலைசேஷன் டேங்க், அதாவது வரும் கழிவுநீரைச் சேர்த்து வைத்துச் சீராக அனுப்பும் தொட்டி. அடுக்குமாடி பிளான்ட்டுகளில் செலவை மிச்சம் பிடிக்க ஒரே புளோயர் லைனில் ஏரேஷன் டேங்க் (கிருமிகள் அழுக்கைத் தின்னும் இடம்), ஈக்வலைசேஷன் டேங்க், ஸ்லட்ஜ் (கிருமிச் சேறு) டேங்க் மூன்றையும் கோர்த்துவிடுவார்கள். காற்றும் தண்ணீர் மாதிரிதான், எதிர்ப்பு குறைந்த பக்கம் ஓடும். ஏரேஷன் டேங்கில் தண்ணீர் மட்டம் எப்போதும் ஒரே அளவு. ஈக்வலைசேஷன் டேங்கில் அப்படியில்லை. ராத்திரி முழுக்கப் பம்ப் செய்து விடியற்காலையில் மட்டம் ஒன்றரை மீட்டருக்கு இறங்கியிருக்கும். அப்போது மொத்தக் காற்றும் அந்தப் பக்கம் பாய்ந்து, பெரிய பெரிய குமிழியாகக் கொதிக்கும். அதே நேரத்தில் ஏரேஷன் டேங்க் மூச்சுத் திணறும். ஆபரேட்டர் என்ன செய்வார்? இரண்டாவது புளோயரைப் போடுவார். காலை ஆறு மணி வாடைக்குக் காரணம் இதுதான். லோடு ஏறியதால் வந்த வாடை இல்லை அது.

இதற்குச் செய்ததெல்லாம் இவ்வளவுதான். ஈக்வலைசேஷன் லைன் வால்வைத் தண்ணீர் லேசாகப் புரளும் அளவுக்கு மூடினேன். அந்த டேங்குக்கு ஒரு கன மீட்டர் கொள்ளளவுக்கு மணிக்கு ஒரு கன மீட்டர் காற்றே தாராளம். மட்டம் இரண்டு மீட்டருக்குக் கீழே போகாதபடி பம்பின் ஃப்ளோட்டை மேலே ஏற்றிக் கட்டினேன். அப்புறம் வால்வின் கைப்பிடியைக் கழற்றி என் டூல் பாக்ஸில் போட்டுக்கொண்டேன். கழற்றாவிட்டால் நைட் ஷிஃப்டில் யாராவது திறந்துவிடுவார்கள், இது அனுபவம். என்.ஆர்.வி. மாற்றி, இந்த வால்வையும் சரி செய்த மறுநாளே இரண்டாவது புளோயரை நிறுத்திவிட்டோம். வாடை வரவில்லை.

பிரஷர் கேஜையும் பார்த்துவிடுங்கள். டிஃப்யூசருக்கு மேல் 3.7 மீட்டர் தண்ணீர் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 0.37 கிலோ, பைப்பும் டிஃப்யூசரும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் கேட்கும். 0.42 முதல் 0.45 வரை இருந்தால் நல்லது. அது 0.55ஐத் தாண்டிப் போகிறது என்றால் டிஃப்யூசர் அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கூடுதல் அழுத்தத்துக்கும் சேர்த்துத்தான் நீங்கள் கரண்ட் கட்டுகிறீர்கள். ரப்பர் மெம்பிரேன் வருடங்கள் போகப் போக இறுகும், மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றுவதற்காக யாரையும் டேங்குக்குள் இறக்காதீர்கள். மேலே தூக்கி எடுக்கிற மாதிரி கிரிட் இருந்தால் தூக்கி எடுங்கள். இல்லையென்றால் டேங்கைக் காலி செய்து, காற்றோட்டம் கொடுத்து, வாயு அளவு பார்த்து, முறையான உபகரணத்தோடு வரும் பயிற்சி பெற்ற ஆட்களைக் கூப்பிடுங்கள். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், ஹைட்ரஜன் சல்ஃபைடு இரண்டாவது மூச்சுக்கு இடம் கொடுக்காது.

எவ்வளவு தேவை

கையடக்க டி.ஓ. (தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன்) மீட்டர் ஒன்றை வாங்குங்கள், அல்லது இரண்டு வாரத்துக்கு வாடகைக்கு எடுங்கள். ஏரேஷன் டேங்கில் நான்கைந்து இடத்தில், மேல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் ஆழத்தில், காலை, மதியம், நள்ளிரவு என்று அளந்து எழுதுங்கள். சிறுசேரியில் ஓட்டைகளை அடைத்து, ஒரே புளோயர் ஓடும்போது எனக்குக் கிடைத்தது: காலை எட்டரைக்கு 3.9, மதியம் ஒரு மணிக்கு 5.4, ராத்திரி இரண்டு மணிக்கு 6.3 மி.கி./லி. கிருமிகளுக்குத் தேவை 2. அமோனியாவைத் தின்னும் கூட்டத்துக்கும் அது போதும்.

"ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானே?" என்று கேட்பார்கள். இல்லை. தண்ணீர் ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளும் வேகம், அதில் இன்னும் எவ்வளவு காலி இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காலியான டவுன் பஸ்ஸில் பத்துப் பேர் ஒரு நிமிடத்தில் ஏறிவிடுவார்கள். படிக்கட்டு வரை தொங்குகிற பஸ்ஸில் அதே பத்துப் பேரை ஏற்ற கண்டக்டர் தொண்டை கிழியக் கத்த வேண்டும். 30 டிகிரியில் நல்ல தண்ணீர் அதிகபட்சம் 7.5 மி.கி. ஆக்சிஜன் வைத்துக்கொள்ளும். டி.ஓ. 2ல் இருந்தால் காலி இடம் 5.5. டி.ஓ. 5ல் இருந்தால் காலி இடம் 2.5தான். ஆகவே அதே ஆக்சிஜனை உள்ளே தள்ள இரண்டு மடங்குக்கு மேல் காற்று வேண்டும். டி.ஓ.வை 5ல் வைத்திருப்பவர் பாதிக்கு மேற்பட்ட காற்றைச் சும்மா மேலே விடுகிறார். போதாததற்கு ஸ்லட்ஜ் பொடிப் பொடியாக உடைந்து செட்லிங் டேங்கில் படியாமல் மிதக்கும். நைட்ரிஃபிகேஷன் (அமோனியா நைட்ரேட்டாக மாறுவது) மிஞ்சிப்போய்த் தண்ணீரின் காரத்தன்மையைத் தின்று, பி.ஹெச். 6.5க்குக் கீழே வழுக்குவதையும் பார்த்திருக்கிறேன்.

மீட்டரில் பார்த்ததைக் கணக்கிலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பிளான்ட் 150 கிலோலிட்டருக்குக் கட்டியது. வீடுகள் முழுக்க நிரம்பாததால் வந்துகொண்டிருந்தது 95. பி.ஓ.டி. (கிருமிகள் தின்னும் அழுக்கின் அளவுகோல்) லிட்டருக்கு 250 மி.கி. என்று வைத்தால் நாளுக்கு 24 கிலோ. அமோனியாவையும் சேர்த்து ஒரு கிலோ பி.ஓ.டி.க்கு 2 கிலோ ஆக்சிஜன் என்றால் 48 கிலோ. மணிக்கு 2 கிலோ. ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 0.28 கிலோ ஆக்சிஜன் இருக்கும். நாலு மீட்டர் டேங்கில், அழுக்குத் தண்ணீரில், அதில் பத்தில் ஒரு பங்குதான் கரையும் என்று கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் மணிக்கு 71 கன மீட்டர் காற்று போதும். காலை உச்சத்துக்கு இரண்டு மடங்கு என்றாலும் 142. புளோயர் தந்துகொண்டிருந்தது 280.

ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு, அதை மறந்தவர்கள் டேங்கைக் கெடுத்திருக்கிறார்கள். ஆக்சிஜன் போதுமென்றாலும் ஸ்லட்ஜ் அடியில் படியாமல் மிதக்க வேண்டும். டேங்கின் தரைப் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 2.2 கன மீட்டர் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. 28 சதுர மீட்டர் தரை என்றால் 62 கன மீட்டர். தொடர்ந்து ஓடும்போது அதற்குக் கீழே போகக் கூடாது. டிஃப்யூசர் ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர் குறைந்தபட்சக் காற்று கொடுத்திருப்பார். அதற்குக் கீழே போனால் ஒரு பக்கம் குமிழி வரும், மறுபக்கம் வராது.

குறைக்கும் வழிகள்

செய்யக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். ட்வின் லோப் புளோயரின் மெயின் டிஸ்சார்ஜ் வால்வை மூடிக் காற்றைக் குறைக்க முயலாதீர்கள். ஒரு சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று தள்ளியே தீருகிற மெஷின் அது. வால்வை மூடினால் அழுத்தம் ஏறும், ஆம்பியர் ஏறும், சூடு ஏறும், கடைசியில் சேஃப்டி வால்வு கத்தும். மிச்சக் காற்றை வெளியே திறந்துவிட்டு "டி.ஓ. குறைஞ்சிருச்சு சார்" என்று காட்டியவரையும் பார்த்தேன். டி.ஓ. குறைந்தது உண்மைதான், பில் ஒரு பைசா குறையவில்லை.

மலிவான வழி புல்லி. காற்று எப்போதுமே அதிகம் என்றால், மோட்டார் புல்லியைச் சின்னதாக மாற்றி புளோயரின் வேகத்தை நிரந்தரமாகக் குறைத்துவிடலாம். சிறுசேரியில் 1,300 சுற்றில் ஓடியதை 950க்கு இறக்கினோம். புளோயரின் அட்டவணையில் குறைந்தபட்சச் சுற்று எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் லேத்துக்குப் போனேன். ரொம்பக் குறைத்தால் கியர் பக்கம் எண்ணெய் சரியாகத் தெறிக்காது. லோபுக்கு இடையில் காற்று பின்னால் வழுகிச் சூடும் ஏறும். மீட்டரில் 6.6 கிலோவாட் 4.9 ஆனது. புல்லி, பெல்ட், லேத் கூலி எல்லாம் சேர்த்து ஆன செலவைச் செயலாளரிடம் சொன்னபோது, அவர் இரண்டாவது தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

அடுத்தது டைமர். நள்ளிரவில் வரத்து குறைவு. அப்போது புளோயரை இடையிடையே நிறுத்தலாம். இரவு 11 முதல் காலை 5 வரை, 40 நிமிடம் ஓட்டம், 20 நிமிடம் ஓய்வு. ஈ.பி.டி.எம். ரப்பர் மெம்பிரேன் காற்று நின்றதும் தானாக மூடிக்கொள்ளும், அதனால் நிறுத்தி ஓட்டுவதைத் தாங்கும். பழைய செராமிக் டிஃப்யூசர் என்றால் வேண்டாம், துளைக்குள் ஸ்லட்ஜ் இறங்கிவிடும். ஓய்வில் ஒரு கூடுதல் லாபமும் இருக்கிறது. காற்று நின்றதும் கிருமிகள் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அந்த அளவுக்குக் காற்றில் மிச்சம், இழந்த காரத்தன்மையில் பாதியும் திரும்பக் கிடைக்கும். ஓய்வை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்ட மாட்டேன். மோட்டாரைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்வதும் பெல்ட்டுக்கு நல்லதல்ல. மணிக்கு ஒரு தடவை போதும்.

டைமர் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ரிட்டர்ன் ஸ்லட்ஜ், அதாவது செட்லிங் டேங்கில் படிந்து ஏரேஷன் டேங்குக்குத் திரும்ப வேண்டிய ஸ்லட்ஜ், எப்படித் திரும்புகிறது? நாவலூரில் ஒரு பிளான்ட்டில் இதைக் கேட்காமல் டைமர் போட்டு மாட்டிக்கொண்டேன். அங்கே ரிட்டர்னுக்குப் பம்ப் கிடையாது, ஏர்லிஃப்ட். அதே புளோயரின் காற்றில்தான் ஸ்லட்ஜ் செட்லிங் டேங்கிலிருந்து ஏறித் திரும்பும். புளோயர் நிற்கிற ஒவ்வொரு தடவையும் ரிட்டர்னும் நின்றது. மூன்றாம் நாள் காலை ஆபரேட்டர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்: செட்லிங் டேங்கின் மேல் முழுக்க ஆப்பம் ஆப்பமாக ஸ்லட்ஜ், ஒவ்வொன்றிலும் குட்டிக் குமிழிகள். அடியில் தங்கிய ஸ்லட்ஜில் நைட்ரஜன் வாயு உண்டாகி அதைத் தூக்கிவிட்டிருந்தது. ஃபில்டர் அடைத்து, ஃப்ளஷ் டேங்குக்குக் கலங்கல் தண்ணீர் போய், இருபது வீட்டுக்காரர்களிடம் பேச்சு வாங்கினேன். பிறகு ரிட்டர்னுக்கு அரை ஹெச்.பி.யில் தனிப் பம்ப் போட்டோம். முதலிலேயே போட்டிருக்க வேண்டியது.

வி.எஃப்.டி. எப்போது

வரத்து நாளுக்குள்ளேயே ஏறி இறங்குகிற இடத்துக்கும், 15 கிலோவாட்டுக்கு மேற்பட்ட மோட்டாருக்கும் வி.எஃப்.டி. சரியான முதலீடு. சிறுசேரியில் புல்லியும் டைமரும் போதும் என்று நிறுத்திக்கொண்டேன். படூர் பக்கம் பெரிய வளாகம் ஒன்றில் 22 கிலோவாட் புளோயருக்கு வி.எஃப்.டி.யும் நிரந்தர டி.ஓ. சென்சாரும் போட்டோம்.

விற்க வருகிறவர் ஒரு கணக்குக் காட்டுவார்: வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் பாதியாகும் என்று. ஃபேனுக்கும் சென்ட்ரிஃப்யூகல் பம்புக்கும் அந்த மும்மடிக் கணக்கு உண்டு. ட்வின் லோப் புளோயருக்கு இல்லை. டேங்கில் தண்ணீரின் ஆழம் மாறவில்லை, ஆகவே புளோயர் எதிர்த்துத் தள்ளும் அழுத்தமும் ஏறக்குறைய மாறாது. வேகம் 20 சதவீதம் குறைந்தால் மின்சாரமும் சுமார் 20 சதவீதம் குறையும், அவ்வளவுதான். அதுவே நல்ல மிச்சம். ஆனால் பாதியாகும் என்று சங்கத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் முழிக்காதீர்கள். டிரைவை வாங்கும்போதும் ஃபேன் டியூட்டி வேண்டாம், கான்ஸ்டன்ட் டார்க் தாங்குகிற ஹெவி டியூட்டியாகக் கேளுங்கள். எப்போதும் 50 ஹெர்ட்ஸிலேயே ஓடப் போகிறது என்றால் டிரைவ் வாங்குவதே நஷ்டம், அதுவே மூன்று நான்கு சதவீதத்தைச் சூடாக்கி விட்டுவிடும்.

குறைந்தபட்ச வேகத்தை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். 50ல் இருந்து 2 ஹெர்ட்ஸ் இறக்கி, ஒரு மணி நேரம் விட்டு, டிஸ்சார்ஜ் சூடு, மோட்டார் உடம்புச் சூடு, டேங்கில் எல்லா மூலையிலும் குமிழி, இந்த மூன்றையும் பாருங்கள். சரி என்றால் இன்னொரு 2. படூரில் 32 ஹெர்ட்ஸில் ஒரு மூலை அமைதியாகிவிட்டது. 34ஐக் குறைந்தபட்சமாகப் பூட்டினோம். மோட்டாரின் ஃபேனும் அதே தண்டில்தான் சுற்றுகிறது, வேகம் குறைந்தால் அதன் காற்றும் குறையும் என்பதை மறக்க வேண்டாம்.

கண்ட்ரோலுக்கு பி.ஐ.டி. (இலக்கிலிருந்து விலகும் அளவைப் பார்த்து வேகத்தைத் தானாக மாற்றும் முறை) வைத்துப் பார்த்தேன். டி.ஓ. மெதுவாக நகர்கிற சமாச்சாரம், டிரைவ் வேகமாக ஓடுகிற ஆள், இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. புளோயர் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை 34க்கும் 50க்கும் நடுவில் ஊஞ்சலாடியது. கடைசியில் சின்ன பி.எல்.சி.யில் (மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) எளிமையாக எழுதிவிட்டோம். ஐந்து நிமிடச் சராசரி டி.ஓ. 2.3ஐத் தாண்டினால் ஒரு ஹெர்ட்ஸ் இறக்கு, 1.5க்குக் கீழே போனால் இரண்டு ஹெர்ட்ஸ் ஏற்று, நடுவில் இருந்தால் சும்மா இரு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முடிவு. தினமும் விடியற்காலை நாலு மணிக்குப் பத்து நிமிடம் 50ல் ஓட்டு. மெம்பிரேன் நன்றாக விரிந்து, மேலே ஒட்டியது உதிர்ந்துவிடும்.

இதெல்லாம் சென்சார் உண்மை பேசுகிறவரைதான். படூரில் முதல் மாதமே அது பொய் பேசியது. அங்கே போட்டது மெம்பிரேன் வகை. அதில் கிழிசல் விழுந்து, 4.8 என்று காட்டிக்கொண்டே இருந்தது. பி.எல்.சி.யும் சொன்ன பேச்சைக் கேட்டு வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டது. சனி, ஞாயிறு யாரும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலை நான் கம்பிக்கு மேல் குனிந்து பார்த்தபோது டேங்க் மண் நிறத்திலிருந்து சாம்பலுக்கு மாறி, ஓரங்களில் கறுக்க ஆரம்பித்திருந்தது. லேசாக அழுகிய முட்டை வாடை. 50 ஹெர்ட்ஸில் இரண்டு நாள் ஓட்டிய பிறகு நிறம் திரும்பியது. அமோனியா இறங்க இரண்டு வாரம் ஆனது. எதிர்ப்பக்கமும் நடக்கும்: சென்சார் மேல் பாசியும் முடியும் சுற்றிக்கொண்டால் டி.ஓ. குறைவாகக் காட்டும், புளோயர் முழு வேகத்தில் ஓடும், யாருக்கும் எதுவும் தெரியாது, மிச்சம் மட்டும் வராது.

அதனால் இப்போது ஆப்டிகல் சென்சார்தான் போடுகிறேன். தண்ணீர் உள்ளே வரும் வாய்க்குப் பக்கத்திலும், டிஃப்யூசருக்கு நேர் மேலும் வைக்க மாட்டேன். வாரம் ஒருமுறை தூக்கி, மெல்லிய துணியால் துடைத்து, ஈரத் துணியில் சுற்றிக் காற்றில் பத்து நிமிடம் தொங்கவிட வேண்டும். 30 டிகிரியில் 7.5க்குப் பக்கத்திலும், 25 டிகிரியில் 8.2க்குப் பக்கத்திலும் காட்டினால் ஆள் நேர்மையானவர். பி.எல்.சி.யிலும் ஒரு காவல் வைத்தோம்: சிக்னல் அறுந்தாலோ, இரண்டு மணி நேரம் எண் அசையாமல் நின்றாலோ, டி.ஓ.வை மறந்துவிட்டு 42 ஹெர்ட்ஸில் ஓடு, அலாரம் அடி.

மாற்றிய பிறகு

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதற்கப்புறம் பத்து நாள் பொறுங்கள். கிருமிக் கூட்டம் நம் அவசரத்துக்கு ஆடாது. தினமும் ஒரு லிட்டர் சிலிண்டரில் அரை மணி நேரம் ஸ்லட்ஜ் படிய வைத்துப் பாருங்கள், மேல் தண்ணீர் தெளிகிறதா என்று. வாரம் ஒருமுறை சுத்தம் செய்த தண்ணீரில் அமோனியா ஸ்டிரிப் போடுங்கள். அமோனியா ஏறினால் காற்று போதவில்லை. தயங்காமல் ஒரு படி பின்வாங்குங்கள். கரண்ட் மிச்சத்துக்காகத் தண்ணீரைக் கெடுத்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சாம்பிளில் மாட்டிக்கொள்வோம், அப்போது மிச்சம் பிடித்த காசு எந்த மூலைக்கு? எம்.எல்.எஸ்.எஸ்.ஸை (ஏரேஷன் டேங்கில் மிதக்கும் ஸ்லட்ஜின் அடர்த்தி, மி.கி./லி.) 3,000 முதல் 4,000க்குள் வையுங்கள். பழைய ஸ்லட்ஜை வெளியேற்றாமல் 7,000 வரை சேர்த்து வைத்திருக்கிற இடங்களில், அந்தக் கிழட்டுக் கூட்டம் சும்மா உட்கார்ந்து மூச்சு விடுவதற்கே பாதிக் காற்று போகும்.

சிறுசேரியில் இப்போது நாளுக்கு 108 யூனிட். 185லிருந்து அங்கே வந்திருக்கிறோம். மாதம் 18,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே மிச்சம். செயலாளர் பில்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "பாதிகூட இல்லையே" என்றார். வங்கிக்காரர் அல்லவா.

டைமர் போட்ட முதல் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு எனக்கு ஒரு போன் வந்தது. பேஸ்மென்ட் ராம்ப்புக்கு மேலே முதல் மாடியில் இருக்கிற பெரியவர். "எஸ்.டி.பி. நின்னு போச்சுப்பா, சத்தமே வரல, தூக்கம் வர மாட்டேங்குது" என்றார். இருபது நிமிடத்தில் தானாக ஓடும் என்று சொன்னேன். ஓடியதும் மறுபடி கூப்பிட்டு, ஓடுகிறது என்று சொன்னார். மறுநாள் காலை, ஓட்டமும் ஓய்வும் எத்தனை மணிக்கு என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து, எஸ்.டி.பி. கதவில் ஒன்றும் லிஃப்டில் ஒன்றும் ஒட்டினேன்.